மதம் மாறாமல் கல்யாணம்: சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்யும் முறை

வேறு வேறு மதத்தைச் சேர்ந்த இருவர் கல்யாணம் என்று முடிவெடுத்ததும் இரண்டு வீட்டிலும், வக்கீல் அறையிலும், சார்பதிவாளர் அலுவலக வாசலிலும் எழும் முதல் கேள்வி ஒன்றுதான்: "யார் மாறணும்?"

யாரும் மாற வேண்டாம். அதற்கென்றே 1954ல் சிறப்புத் திருமணச் சட்டம் வந்தது. இந்து இந்துவாகவே இருக்கலாம், முஸ்லிம் முஸ்லிமாகவே இருக்கலாம். எந்த மதமும் வேண்டாம் என்பவருக்கும் இடம் உண்டு.

முன்பு அப்படி இல்லை. வங்காளத்துச் சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜத்தின் கேசவ சந்திர சென் முதலானோரின் முயற்சியால் வந்த 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில் மணம் முடிக்க வேண்டுமானால், "நான் இந்துவும் அல்ல, முஸ்லிமும் அல்ல, கிறிஸ்தவரும் அல்ல" என்று ஒவ்வொரு மதமாக மறுத்து எழுதிக் கொடுக்க வேண்டும். 1923ல் ஒரு திருத்தம் வந்து, இந்து, பௌத்த, சீக்கிய, சமண மதத்தினர் தங்களுக்குள் மணந்தால் இந்த மறுப்பு வேண்டாம் என்றது. எல்லோருக்குமாக அதை எடுத்துவிட்டது 1954ஆம் ஆண்டுச் சட்டம்தான். மணக்கப் போகிறோம் என்று அலுவலகத்தில் கொடுக்கும் நோட்டீஸுக்கு இன்று அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கும் படிவத்தைப் பாருங்கள்: பெயர், மணமாகாதவரா அல்லது மணமுறிவு பெற்றவரா என்ற நிலை, தொழில், வயது, இருப்பிடம், நிரந்தர இருப்பிடம், எத்தனை நாளாக அங்கே வாசம். மதத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லை. அலுவலகத்தின் வேறு விண்ணப்பத்தில் மதம் கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இருவருக்கும் வேறு வேறு மதம் என்பது இந்தச் சட்டத்தில் தடையே அல்ல.

முதலில், எது செல்லாது

இந்தச் சட்டத்தில் நோட்டீஸை ஒட்டிய பிறகு 30 நாள் காத்திருக்க வேண்டும். "முப்பது நாள் யார் காத்திருப்பது? கோயிலில் தாலி கட்டி, இந்துத் திருமணமாகப் பதிந்துவிடலாம்" என்று சொல்ல எல்லா ஊரிலும் ஆள் உண்டு. காலையில் மதமாற்றச் சான்று, மாலையில் திருமணச் சான்று என்று முடித்துத் தருகிற இடங்களும் உண்டு. பிரச்சினை தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

இந்துத் திருமணச் சட்டப்படி மணமகன், மணமகள் இருவருமே இந்துவாக இருக்க வேண்டும் (பௌத்தர், சமணர், சீக்கியரும் அதில் அடங்குவர்). ஒருவர் கிறிஸ்தவராகவே இருந்துகொண்டு கோயிலில் தாலி கட்டினால் அது அந்தச் சட்டத்தின்கீழ் திருமணமே ஆகாது. ஆந்திராவிலிருந்து போன ஒரு வழக்கில் கத்தோலிக்க ஆணும் இந்துப் பெண்ணும் கோயிலில் தாலி கட்டி, இந்துத் திருமணச் சட்டத்தில் பதிவும் செய்திருந்தார்கள். அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 2008 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சான்றிதழ் கையில் இருந்தும் பயன் இல்லை. பதிவு என்பது நடந்த திருமணத்துக்கு ஆதாரம் மட்டுமே. செல்லாத திருமணத்துக்கு அது உயிர் கொடுக்காது.

சுயமரியாதைத் திருமணத்துக்கும் இதே வரம்பு உண்டு. தமிழ்நாடு 1967ல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவு ஐயர், மந்திரம் எதுவுமின்றி மாலை மாற்றினாலோ மோதிரம் மாற்றினாலோ தாலி கட்டினாலோ போதும் என்கிறது. ஆனால் அது இரண்டு இந்துக்களுக்கு இடையிலான மணத்துக்கு மட்டும். மேடையில் சாதி மறுப்பும் மத மறுப்பும் பேசி நடத்துகிற திருமணம் என்பதால் யாருக்கும் பொருந்தும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

அப்படியானால் உண்மையாகவே ஒருவர் இந்துவாக மாறியிருந்தால்? அதற்குச் சடங்கு கட்டாயமில்லை, மனமார்ந்த எண்ணமும் அதைக் காட்டும் நடத்தையும் போதும் என்று 1970ல் பெருமாள் நாடார் எதிர் பொன்னுசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கிறிஸ்தவப் பெண் ஒருவர் 1950ல் இந்து முறைப்படி ஓர் இந்துவை மணந்த வழக்கு அது. தீர்ப்பு பெண்ணின் பக்கம் நின்றது உண்மைதான். ஆனால் திருமணம் செல்லுமா என்று தெரிந்துகொள்ள உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதையும் கணக்கில் வையுங்கள். எண்ணம் மனமார்ந்ததா என்பதைப் பின்னால் ஒரு நீதிபதிதான் முடிவு செய்வார். காசு கொடுத்து வாங்கிய ஒருநாள் சான்று அங்கே அதிக தூரம் போகாது.

நிக்காஹ் விஷயத்தில் சட்டம் வேறு மாதிரி. முஸ்லிம் ஆணுக்கும் இந்துப் பெண்ணுக்கும் நடக்கும் நிக்காஹ் 'பாத்தில்' (செல்லாதது) அல்ல, 'ஃபாசித்' (முறையற்றது) என்று 2019ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பிள்ளைகளுக்குத் தகப்பன் சொத்தில் உரிமை உண்டு. மனைவிக்கு மஹர் (கணவன் மனைவிக்குத் தர வேண்டிய மணக்கொடை) உண்டு, வாரிசுப் பங்கு கிடையாது. பெண் மாறாமல் நிக்காஹ் மட்டும் முடித்துக்கொண்டால் மனைவி நஷ்டப்படுவது இந்த இடத்தில்தான்.

தேவாலயத்தில் செய்ய விரும்பினால் வழி இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே பொருந்தும். (1872ல் இரண்டு சட்டங்கள் வந்தன, மேலே சொன்னது வேறு.) அரசுச் சட்டம் சரி, சபைச் சட்டம் தனி. கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க ஆயரிடமிருந்து விதிவிலக்கு வாங்க வேண்டும். அதற்குக் கத்தோலிக்கத் தரப்பு, தன் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவருக்கு அது தெரிவிக்கப்பட வேண்டும். மற்றவர் மாற வேண்டியதில்லை. சில மாதம் முன்பே பங்குத்தந்தையைப் பார்த்துப் பேசினால் நடக்கிற காரியம் இது. தேவாலயத்தில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கிற வாரத்தில் போய்க் கேட்டால் நடக்காது. பல புராட்டஸ்டண்ட் சபைகள் இருவரும் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்றே எதிர்பார்க்கும்.

யார் இந்தச் சட்டத்தில் மணக்கலாம்

ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். இருவருக்குமே உயிரோடிருக்கும் கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது. தன் மதச் சட்டம் இரண்டாம் மணத்தை அனுமதித்தாலும் இங்கே முடியாது. சம்மதம் தரக்கூடிய மனநிலை வேண்டும். கடைசியாக, தடை செய்யப்பட்ட உறவுக்குள் வரக் கூடாது.

கடைசி நிபந்தனையில்தான் தமிழ்நாட்டுக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் அட்டவணையில் ஆணுக்கு 37, பெண்ணுக்கு 37 உறவுகளைத் தடை செய்திருக்கிறார்கள். சித்தப்பா மகள், பெரியம்மா மகளோடு மாமன் மகளும் அத்தை மகளும் அதில் இருக்கிறார்கள்! நமக்கு முறைப்பெண், இந்தச் சட்டத்துக்குத் தடை உறவு. வழக்கம் இருந்தால் விலக்கு உண்டுதான். ஆனால் இந்தச் சட்டத்தில் 'வழக்கம்' என்றால் மாநில அரசு அரசிதழில் அறிவித்த விதி என்று பொருள். ஊரில் எல்லோரும் செய்கிறார்கள் என்பது போதாது. மதம் கடந்த மணத்தில் இது எப்படி வரும் என்று கேட்கலாம். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் ஒரே குடும்பத்தில் ஒரு கிளை இந்துவாகவும் ஒரு கிளை கிறிஸ்தவமாகவும் இருப்பது சாதாரணம். இந்து அத்தை மகனுக்கும் கிறிஸ்தவ மாமன் மகளுக்கும் கல்யாணம் பேசினால் இந்த அட்டவணை குறுக்கே நிற்கும். அப்படிப்பட்டவர்கள் நோட்டீஸ் கொடுக்கும் முன்பே வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது.

நோட்டீஸ்: எங்கே, என்னென்ன கையில்

தமிழ்நாட்டில் திருமண அலுவலர் என்றால் நடைமுறையில் சார்பதிவாளர். நீங்கள் விரும்பும் அலுவலகத்துக்கெல்லாம் போக முடியாது. இருவரில் ஒருவராவது அந்த அலுவலகத்தின் எல்லைக்குள், நோட்டீஸ் கொடுக்கும் நாளுக்கு முந்தைய 30 நாள் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். ஒருவர் வசித்தால் போதும். சென்னை போன்ற ஊரில் தெருவுக்குத் தெரு எல்லை மாறும்; எந்தத் தெரு எந்த அலுவலகம் என்பதைப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தையும் அதிலேயே நிரப்பி அச்செடுத்து, இருவரும் கையெழுத்திட்டு, நேரில் கொண்டுபோக வேண்டும்.

வயதுக்கு: பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று. முகவரிக்கு: ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், குடும்ப அட்டை. இருவரின் புகைப்படம். மணமுறிவு பெற்றவர் தீர்ப்பு நகல் வைக்க வேண்டும். மேல்முறையீட்டுக் காலமும் முடிந்திருக்க வேண்டும். துணையை இழந்தவருக்கு இறப்புச் சான்றிதழ். சில அலுவலகங்களில் 'மணமாகாதவர் சான்று' கேட்பார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருவாய்த் துறையிடமிருந்து பெறுவது அது. ஆனால் கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வீட்டுக்கே வருவார் என்பதையும் மனதில் வையுங்கள். வெளிநாட்டவர் என்றால் தன் நாட்டுத் தூதரகத்திலிருந்து மணமாகாதவர் என்ற சான்று வேண்டியிருக்கும்.

அதிகமாகத் திருப்பி அனுப்பப்படுவது முகவரியால்தான். ஆதாரில் தென்காசி, வசிப்பது தாம்பரத்தில் ஒரு விடுதி. "முப்பது நாள் இங்கே இருந்ததற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பார்கள். வாடகை ஒப்பந்தம், விடுதி நிர்வாகத்தின் கடிதம், அந்த முகவரிக்கு வந்த வங்கிக் கணக்கு அறிக்கை, கேஸ் இணைப்பு ரசீது இவற்றில் இரண்டாவது தயாராக இருக்கட்டும். நேற்று எழுதிய வாடகை ஒப்பந்தம் நேற்றைய தேதியைத்தான் காட்டும். முத்திரைத்தாள் வாங்கிய தேதியையும் பார்ப்பார்கள். எனவே திருமணம் எண்ணத்தில் வந்தவுடனே ஆதார் முகவரியை மாற்றிவிடுவது உத்தமம்.

முகவரியில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. இப்போதைய இருப்பிடம் ஒன்று, நிரந்தர இருப்பிடம் வேறு என்று எழுதினால், 6ஆம் பிரிவின்படி நோட்டீஸின் நகல் நிரந்தர முகவரிக்குரிய திருமண அலுவலருக்கும் போய், அங்கேயும் ஒட்டப்படும். ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது என்று சென்னைக்கு வந்து நோட்டீஸ் கொடுத்தவர்களின் பெயர் சொந்த ஊர்ப் பலகையில் வருவது இப்படித்தான். பொய் எழுதாதீர்கள், ஆட்சேபணை வந்தால் முதலில் உடைவது அதுதான். ஐந்து வருஷமாக நகரத்தில் வேலை, எல்லா ஆவணமும் அந்த முகவரியில் என்றால் உங்கள் நிரந்தர இருப்பிடமே அதுதான். பழக்கதோஷத்தில் அம்மா வீட்டு முகவரியை எழுத வேண்டியதில்லை.

வயது வந்த இருவருக்குப் பெற்றோர் சம்மதக் கடிதம் தேவை என்று சட்டத்தில் எங்கும் இல்லை. கேட்டால், "எந்தப் பிரிவின்படி என்று எழுதிக் கொடுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். நோட்டீஸையே வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டு, மாவட்டப் பதிவாளருக்கு ஒரு நகல் வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

முப்பது நாளும் இரண்டு கணக்கும்

நோட்டீஸைப் பெற்றதும் திருமண நோட்டீஸ் புத்தகத்தில் பதிவார்கள். அந்தப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பிறகு அலுவலகத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுவார்கள். வில்லங்கச் சான்று வாங்க வந்தவர், பத்திரம் எழுத வந்தவர், ஆவண எழுத்தரின் உதவியாளர் என்று எல்லோர் கண்ணும் படுகிற பலகையில் உங்கள் பெயர், வயது, தொழில், முகவரி தொங்கும். பலருக்கும் இந்தச் சட்டத்தின் மேல் கோபமே இதனால்தான். அதில் நியாயமும் இருக்கிறது: ஒரே மதத்தில் மணப்பவர்களை யாரும் இப்படிப் பலகையில் ஏற்றுவதில்லை. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில், விரும்பாதவர்களின் நோட்டீஸை வெளியிட வேண்டியதில்லை என்றது. அதை நம்பி இங்கே திட்டம் போடாதீர்கள். சட்டத்தின் வாசகம் மாறவில்லை, பலகையும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் பெற்றோர் வீட்டுக்குத் தபாலில் நோட்டீஸ் அனுப்பு என்று சட்டம் சொல்லவில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் 2009ல் அந்தப் பழக்கத்தைத் தவறு என்று சொல்லியிருக்கிறது. அனுப்பக் கூடாது என்று விண்ணப்பத்தோடு ஒரு கடிதம் வைப்பதில் தவறில்லை.

இப்போது கணக்கு. நோட்டீஸ் ஜனவரி 5ல் கொடுத்தீர்கள், 8ல் ஒட்டினார்கள் என்று வையுங்கள். 30 நாள் ஓடுவது ஒட்டிய நாளிலிருந்து. பிப்ரவரி 7 வரை ஆட்சேபணைக்கு இடம் உண்டு, அதன் பிறகு மணம் முடிக்கலாம். நோட்டீஸ் காலாவதியாகும் மூன்று மாதமோ, ஒட்டிய நாளிலிருந்து அல்ல, கொடுத்த நாளிலிருந்து ஓடும். ஏப்ரல் 5 வந்ததும் கதை முடிந்தது. மறுபடி முதலிலிருந்து நோட்டீஸ், மறுபடி 30 நாள். "நல்ல முகூர்த்தம் சித்திரையில்தான்" என்று தள்ளிப் போடுகிறவர்கள் காலண்டரில் இந்த இரண்டு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் ஒட்டினார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பலகையை ஒரு படமும் எடுத்து வைத்திருங்கள்.

ஆட்சேபணை யார் வேண்டுமானாலும் தரலாம், ஆனால் எதற்காக வேண்டுமானாலும் தர முடியாது. வயது, ஏற்கெனவே மணமானவர், மனநிலை, தடை உறவு: 4ஆம் பிரிவின் இந்த நிபந்தனைகளில் ஒன்று மீறப்படுகிறது என்று சொன்னால்தான் அது ஆட்சேபணை. "எங்கள் மதம் இல்லை", "எங்களுக்கு விருப்பமில்லை", "சாதி வேறு" என்பவை மனவருத்தம். சட்டத்துக்கு அவை ஒரு பொருட்டே அல்ல. முறையான ஆட்சேபணை வந்தால் திருமண அலுவலர் 30 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். ஆட்சேபணையை ஏற்றுக்கொண்டு திருமணத்தை மறுத்துவிட்டால் 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வேண்டுமென்றே இழுத்தடிக்கப் போட்ட ஆட்சேபணை என்று தெரிந்தால் போட்டவர்மேல் 1,000 ரூபாய் வரை செலவுத்தொகை விதிக்கலாம். 1954ல் அது பயமுறுத்தும் தொகை. இன்று ஆட்டோ செலவு.

மிரட்டல் என்றால் அது வேறு விஷயம். வழக்கமாக நடப்பது: பெண்ணைக் காணவில்லை என்று காவல் நிலையத்தில் புகார். பெண் 18 நிறைந்தவர் என்றால் நேரில் போய், சுயவிருப்பத்தோடு இருக்கிறேன் என்று வாக்குமூலம் கொடுப்பதோடு அது முடிய வேண்டும். வயதுச் சான்று கையில் இல்லாதபோதுதான் முடியாமல் இழுக்கும். அசல் சான்றிதழ்கள் பெற்றோர் பீரோவில் இருந்தால், பிறப்புச் சான்றிதழின் நகலை உள்ளாட்சியிடம் வாங்குங்கள். மதிப்பெண் சான்றிதழை டிஜிலாக்கரில் எடுக்கலாம். இருவரும் கையெழுத்திட்ட கடிதத்தை வயதுச் சான்று நகல்களோடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ மாநகர ஆணையருக்கோ முன்கூட்டியே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சக்தி வாஹினி வழக்கில் 2018ல் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட தம்பதிகளுக்குப் பாதுகாப்பு தர மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும், பாதுகாப்பு இல்லங்கள் பற்றி யோசிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. கடிதத்தில் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு: தொலைபேசி 15100. பெண்கள் உதவி எண் 181.

கையெழுத்து நாள்

மூன்று சாட்சிகள் வேண்டும், அவரவர் அடையாள அட்டையோடு. நான்காவதாக ஒருவரையும் சொல்லி வையுங்கள்; கடைசி நேரத்தில் 'மாப்பிள்ளை, லீவு கிடைக்கலை' என்று ஒரு போன் வருவது வழக்கம். முதலில் மூன்றாம் அட்டவணையில் உள்ள உறுதிமொழியில் இருவரும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும்: மணமாகாதவர், வயது நிறைந்தவர், தடை உறவு இல்லை, பொய் என்றால் சிறைத்தண்டனை உண்டு என்பது தெரியும். இந்த நான்கே வரிதான், இங்கேயும் மதம் இல்லை.

மணச்சடங்கு உங்கள் விருப்பம். மாலை மாற்றலாம், தாலி கட்டலாம், மோதிரம் போடலாம், ஒன்றுமே செய்யாமலும் இருக்கலாம். ஒன்றை மட்டும் விட முடியாது. அலுவலர் முன்னும் மூன்று சாட்சிகள் முன்னும், இருவருக்கும் புரியும் மொழியில், ஒருவரையொருவர் பார்த்து, "இன்னாராகிய நான், இன்னாராகிய உங்களை என் சட்டப்படியான மனைவியாக (கணவராக) ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்ல வேண்டும். இதைச் சொன்னால்தான் திருமணம் நிறைவேறும். கூட்டம் அதிகமான நாளில் எழுத்தர் "கையெழுத்துப் போடுங்க, போதும்" என்று அவசரப்படுத்தலாம். அரை நிமிஷம் ஆகும், சொல்லிவிடுங்கள். கூடுதல் கட்டணம் கட்டினால் அலுவலர் நியாயமான தூரத்தில் உள்ள மண்டபத்துக்கும் வந்து நடத்தி வைக்கலாம்.

ஏற்கெனவே தாலி கட்டியாகிவிட்டது என்றால்

அப்போது மேலே சொன்ன வழி உங்களுக்கு இல்லை. "மணமாகாதவர்" என்று உறுதிமொழியில் கையெழுத்திட்டால், போன மாதம் எடுத்த கல்யாணப் போட்டோவே எதிர்சாட்சி. உங்களுக்கு 15ஆம் பிரிவு: வேறு முறையில் நடந்த திருமணத்தை இந்தச் சட்டத்தில் பதிவது. சடங்கு நடந்திருக்க வேண்டும், அன்றிலிருந்து கணவன் மனைவியாக வாழ்ந்து வர வேண்டும், அந்த எல்லைக்குள் 30 நாள் வசித்திருக்க வேண்டும். இதற்கும் 30 நாள் அறிவிப்பு, ஆட்சேபணை, மூன்று சாட்சிகள் எல்லாம் உண்டு. பலர் கவனிக்காத வித்தியாசம் ஒன்று: இங்கே பெண்ணுக்கும் 21 நிறைந்திருக்க வேண்டும். 19 வயதுப் பெண் நேரடியாக மணம் முடிக்கலாம். ஏற்கெனவே முடித்த மணத்தைப் பதிய முடியாது. கோயிலிலோ நிக்காஹ் மூலமோ மணந்து அரைகுறைச் சட்டநிலையில் இருக்கும் வேற்றுமதத் தம்பதிகளுக்குப் பெரும்பாலும் இந்தப் பிரிவே கைகொடுக்கும்.

திருமணம் முடிந்த பிறகு தேவாலயத்தில் ஆசீர்வாதமோ கோயிலில் மாலை மாற்றுவதோ தாராளமாகச் செய்யலாம். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை.

சொத்து, சாதிச் சான்று

"வேறு மதத்தில் கட்டினால் சொத்தில் பங்கு போயிடும்" என்பது பாதிதான் உண்மை, அதுவும் கெட்ட பாதி அல்ல. இந்துக் கூட்டுக் குடும்ப உறுப்பினர் ஒருவர் இந்தச் சட்டத்தில் வேற்று மதத்தவரை மணந்தால் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவர் ஆகிறார் (19ஆம் பிரிவு). பிரிந்தவர் ஆகிறார் என்றால் தன் பங்கோடு பிரிகிறார், பங்கை இழக்கவில்லை. பெற்றோர் சொத்தில் வாரிசுரிமையும் போவதில்லை. மாறுவது உங்களுக்குப் பின் உங்கள் சொத்து போகும் வழி: அதை இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 தீர்மானிக்கும். உயில் இல்லாமல் இறந்தால், பிள்ளைகள் இருக்கும்பட்சத்தில் துணைக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் வித்தியாசம் கிடையாது. ஆனால் பிள்ளைகள் இருந்தால் உங்கள் தாய் தகப்பனுக்கு ஒன்றும் வராது. அவர்கள் உங்களை நம்பி இருப்பவர்கள் என்றால் உயில் எழுதிவிடுங்கள். இருவருமே இந்து (அல்லது பௌத்த, சீக்கிய, சமண) என்றால் 1976ல் வந்த 21ஏ பிரிவின்படி இந்த மாற்றம் எதுவும் பொருந்தாது.

இதோடு மதம் மாறுவதன் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். இந்துவாக இருந்து மாறியவரின் சொந்த வாரிசுரிமை போகாது. ஆனால் மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகள், வாரிசுரிமை திறக்கும் நேரத்தில் இந்துவாக இல்லாவிட்டால், இந்து உறவினர்களின் சொத்தைப் பெற முடியாது (இந்து வாரிசுரிமைச் சட்டம், 26ஆம் பிரிவு). அதாவது தாத்தா சொத்து கைவிட்டுப் போவது பேரப்பிள்ளைகளின் தலைமுறையில்.

பட்டியல் சாதியினர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கு மட்டுமே பட்டியல் சாதி நிலை. கிறிஸ்தவரையோ முஸ்லிமையோ இந்தச் சட்டத்தில் மணப்பதால் உங்கள் சான்றிதழுக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் நீங்கள் மாறவில்லை. கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தால் அந்த நிலை போகிறது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போவார்கள். ஞானஸ்நானப் பதிவும் இருக்கட்டும், இந்து ஆதிதிராவிடர் சான்றும் இருக்கட்டும் என்பது எடுபடாது. புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகவே சொல்லியிருக்கிறது.

மனதார மாற விரும்பினால் அது உங்கள் உரிமை. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு அதற்குத்தான். தமிழ்நாட்டில் 2002ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004லேயே திரும்பப் பெறப்பட்டது. மாறுவதற்கு முன்னனுமதி எதுவும் இங்கே இல்லை. நொய்டாவிலோ லக்னோவிலோ வேலை பார்க்கிறவர்களுக்கு நிலைமை வேறு: உத்தரப் பிரதேசத்தின் 2021 சட்டப்படி மாறுவதற்கு 60 நாள் முன்பே மாவட்ட ஆட்சியரிடம் அறிவிக்க வேண்டும்.

சான்றிதழை வாங்கும் முன்

திருமணச் சான்றிதழ்ப் புத்தகத்தில் கையெழுத்திடும் முன் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பிறந்த தேதி, கதவு எண், தகப்பனார் பெயரோடு, முக்கியமாக இனிஷியல். ஆதாரில் 'கே. செல்வி', பாஸ்போர்ட்டில் 'செல்வி கருப்பசாமி', மதிப்பெண் பட்டியலில் 'செல்வி கே' என்று மூன்று விதமாக இருக்கும். துணையின் விசாவுக்கு விண்ணப்பிக்கும் நாளில் இந்த மூன்றும் ஒரே ஆளா என்று கேள்வி வரும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே சான்றிதழிலும் எழுதச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் இல்லாதவர் இனிஷியலை விரித்து எழுதட்டும். மனைவி கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, சான்றிதழிலும் அப்படி எழுதத் தேவையில்லை. புத்தகத்தில் பதிந்த பிறகு திருத்தம் என்றால் மனு, ஆதாரம், அலைச்சல். சான்றளித்த நகல் நான்கைந்தை அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். வங்கிக்கு ஒன்று, பாஸ்போர்ட்டுக்கு ஒன்று, காவல் நிலையத்தில் காட்ட ஒன்று, எந்த வீட்டு பீரோவிலும் வைக்காமல் நண்பர் ஒருவரிடம் கொடுத்து வைக்க ஒன்று.